துரை போட்ட தண்டவாளம்

தளி மலையில் சுற்றுலா ரயில் விட்டிருக்கும் ராஜ்குமார் வாயைத் திறந்தாலே பொய். ஏறும் இடத்தில் பளபளவென்று ஒரு பலகை வைத்திருக்கிறான்: "1912-ல் வெள்ளைக்காரத் துரை ஒருவர், தன் மனைவி மலையழகைப் பார்ப்பதற்காகப் போட்ட பாதை." துரையாவது மண்ணாவது! அது கிரானைட் குவாரியின் டிராலிப் பாதை. போட்டது இவன் அப்பன், தொண்ணூற்றெட்டில். தண்டவாளம் சுமந்த கூலியாட்களில் ஒருவர் என் அப்பா வெங்கடப்பன். பிரேக் பிடிக்காத டிராலி மேலே ஏறியதில் அந்தப் பாதையிலேயே செத்தார்.

செத்த இடத்தில் கல் நடுவது எங்கள் வழக்கம். முழங்கால் உயரம், பெயர் வெட்டாத கல். வருசத்துக்கு ஒருமுறை கழுவி, மஞ்சள் பூசி, கோழி அறுப்போம். இந்த வருசமும் ஓசூர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அம்மா கெம்பம்மாவோடு போனேன். கல்லுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, "3 மைல், 1912" என்று எழுதியிருந்தார்கள். போட்டோ எடுப்பதற்காக ரயிலை அங்கேயே நிறுத்தியிருந்தார்கள். ஒரு பெண் கல்மேல் செருப்புக்காலைத் தூக்கி வைத்து செல்ஃபி எடுத்தாள்.

எஞ்சினில் துரைத் தொப்பியோடு என் தம்பி கோபி. ரயில் ஓட்டுவதும் மைக்கில் வரலாறு சொல்வதும் அவன்தான்.

"யார்டா இத எழுதுனது?" என்று கேட்டேன்.

இறங்கி வந்து கிசுகிசுத்தான். "நான்தான்க்கா மைல்கல்லுன்னு சொன்னேன். ஓரத்துக் கல்லெல்லாம் ஜேசிபி வெச்சுப் புடுங்கினு இருந்தானுங்க. இல்லாட்டி அப்பா ஓடையில கெடந்திருப்பாரு."

"அப்பா கல்லுன்னு சொல்றதுக்கென்ன?"

"குவாரியில யாருமே சாவலன்னு மொதலாளியோட அப்பா கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்காரு. சொன்னா கல்லும் போயிரும், என் வேலையும் போயிரும்."

அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. தேங்காய் நாரால் பெயிண்டைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். முன்பெட்டியிலிருந்து ராஜ்குமார் கத்திக்கொண்டே வந்தான். "ஏய், கைய எடு! கோபி, யார்ரா இந்தம்மா?"

கோபி எங்கள் இருவரையும் பார்த்தான். "தெரியலீங்க சார்."

அம்மாவின் கை நின்றது. நாரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து அவன் முகத்துக்கு நேராக வந்தாள்.

"நாளைக்கு நான் செத்தா எனக்கும் ஒரு கல்லு நடுவ இல்ல? அதுல நாலு மைலுன்னு எழுதிக்கடா."

கிளம்பச் சொல்லி ராஜ்குமார் கையைக் காட்டினான். கோபி போய் ரயிலை எடுத்தான்.