ஒற்றைக் கோடு

முப்பத்தெட்டாயிரத்து நானூறு. மூன்றாம் மாடி நர்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய கடன் அது. வாங்கித் தின்ற கடன் இல்லை. சக்கரம் கழன்ற ஸ்டாண்டோடு மருந்து பம்பு ஒன்று சாய்ந்து உடைந்த கடன். சக்கரம் ஆடுகிறது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். உடைந்ததும் தண்டம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டி வந்தவளும் அவள்தான். கடன் அடையும் வரை அவளுடைய படிப்புச் சான்றிதழ்கள் முதலாளியின் இரும்பு அலமாரியில் கிடக்கும். அவை கையில் இல்லாமல் இன்னொரு ஆஸ்பத்திரியின் படி ஏற முடியாது.

பன்னிரண்டு வருடமாக, அதில் ஆறு வருடம் இங்கே, நின்றே வேலை செய்து கால் இரண்டும் வீங்கி, அகட்டி அகட்டி நடப்பாள். அதனால் வாத்து என்று பெயர். கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள்.

விடிகாலை நாலரை மணி. இருபத்தாறு கட்டிலுக்கு ஒரு நர்ஸ், ஒரு ஆயாம்மா. ஆயாம்மா மூத்திரப் பைகளைக் காலி செய்துகொண்டே வந்தாள். வாத்து ஒன்பதாம் கட்டில் லாரி டிரைவரைப் புரட்டிப் போட்டாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்ற மனிதர். படுத்துப் படுத்து முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். பழைய கட்டைப் பிரித்ததும் நாற்றம் மூக்கின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

"என் பின்பக்கம் எப்படி இருக்கு சிஸ்டர்? நான் பாத்ததே இல்ல."

"பாக்காத வரைக்கும் நல்லதுண்ணே. பாத்தா சோறு இறங்காது."

சொல்லிவிட்டுக் குனிந்தவள் அப்படியே நின்றாள். மூன்று வாரமாகக் கறுத்து, சீழ் வைத்து, அழுகிக் கிடந்த குழியின் அடியில் ஓரமாகச் சிவப்பு துளிர்த்திருந்தது. புதுச் சதை. கையுறை விரலால் மெல்லத் தொட்டாள். ரத்தம் பொட்டு வைத்தது.

"அண்ணே, சதை வருதுண்ணே."

டிரைவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். "சும்மா இருங்கண்ணே, புண்ணு ஆடுது" என்று அதட்டினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மாதக் கடைசியில் பிடித்தது போகக் கையில் வரும் சம்பளத்தில் இதற்கு எந்தக் கட்டமும் கிடையாது. ஆனாலும் இதற்காகத்தான் இந்த வேலையை விட்டுப் போக மனம் வராமல் இருந்தாள்.

சீழையும் மலத்தையும் அவள் என்றைக்கும் அருவருத்ததில்லை. அது உடம்பு. நாறத்தான் செய்யும். கழுவினால் போய்விடும். ஒரு ஷிப்டுக்கு இரண்டு ஜோடி கையுறைதான் என்று எண்ணிக் கொடுத்து, மூன்றாவது கேட்டால் முதல் ஜோடியைக் கழுவிப் பவுடர் போட்டு மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்களே, அப்போது குமட்டும். அதைவிடக் குமட்டுவது 'சமையல்'.

இருபத்தாறு பேருக்கும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாடி, சூடு, மூச்சு, ரத்த அழுத்தம் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அதனால் ஷிப்டு ஏறியதும் விடியும் வரைக்குமான எண்களை மொத்தமாக எழுதிவிடுவார்கள். "சமையல் முடிஞ்சுதா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். எல்லோருக்கும் ஒரே நாடி போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று எழுபத்தாறு, எழுபத்தெட்டு, எண்பது என உப்புப் பார்த்துப் பார்த்துப் போடுவார்கள். அந்தக் கைப்பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தவளே நர்சிங் சூப்பிரண்டுதான்.

ஐந்து பத்துக்குப் பதினாலாம் கட்டிலுக்குப் போனாள். வயதான தையல்காரர். ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது. முகத்தைத் திருப்பினாள். தாடை இறுகிப் போயிருந்தது. செத்து மூன்று மணி நேரமாவது இருக்கும்.

கால்மாட்டில் தொங்கிய தாளை எடுத்தாள். அவள் கையெழுத்துதான். இரண்டு மணி: நாடி எழுபத்தெட்டு. ஆறு மணி: நாடி எழுபத்தாறு, சூடு சரி, மூச்சு சீர். ஆறு மணி இன்னும் வரவே இல்லை. வராத ஆறு மணிக்கு அந்த மனுஷனின் நெஞ்சு தாளில் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா?" என்றாள் ஆயாம்மா.

"போயிட்டாரு."

"எப்ப?"

"தெரியல ஆயாம்மா."

டியூட்டி டாக்டர் வந்தார். கண்ணில் டார்ச் அடித்தார். தாளைப் பார்த்தார். சுட்டது போல அதைத் திரும்பத் தொங்கவிட்டார். "முதலாளி வந்ததும் பேசிக்கோங்க" என்று போய்விட்டார்.

கீழே பெஞ்சில் படுத்திருந்த தையல்காரரின் மகள் ஓடி வந்தாள். அழுது முடித்து நிமிர்ந்து கேட்டாள்: "ராத்திரி எங்கப்பா ஏதாச்சும் கேட்டாரா சிஸ்டர்? தண்ணி கிண்ணி?"

"இல்லம்மா. நல்லாத் தூங்கினாரு."

அந்தப் பெண் வாத்தின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அது போதும்."

வாத்து குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டாள். மூன்று தடவை கழுவியும் கை நாறியது.

ஏழரைக்கு ஷிப்டு மாறியது. ராத்திரி வேலை பார்த்த பன்னிரண்டு பேரும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் உடை மாற்றும் அறையில் கூடினார்கள். வாத்து ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"என் சமையல்ல பொணம் ஒண்ணு உயிரோட இருக்கு."

இரண்டாம் மாடி நர்ஸ், ஒட்டடைக்குச்சி என்று பெயர் வாங்கிய நெட்டைப் பையன், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "எனக்கு நடக்க வேண்டியது வாத்தக்கா. என்னோடதும் ஆறு மணி வரைக்கும் ரெடியா எழுதித்தான் இருக்கு."

"என்ன பண்ணப் போற?" என்றாள் பிரசவ வார்டுக்காரி.

"தப்பா எழுதினா என்ன பண்ணணும்னு காலேஜ்ல முதல் மாசமே சொல்லித் தந்தாங்களே. அழிக்கக் கூடாது, தாளை மாத்தக் கூடாது. தப்பு மேல ஒரே ஒரு கோடு. அடியில இருக்கிறது படிக்கத் தெரியணும். பக்கத்துல கையெழுத்து."

"பைத்தியமா உனக்கு? திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அங்கீகாரம் கொடுக்கலாமான்னு பாக்க ஆளுங்க வர்றாங்க. நீ ஒருத்தி கோடு போட்டா உன்னை மட்டும் வெட்டித் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க."

"ஒருத்தி போட்டாத்தானே," என்றான் ஒட்டடைக்குச்சி, தரையைப் பார்த்தபடி. பதில் வருவதற்குள் ஆள் வந்து நின்றது. முதலாளி கூப்பிடுகிறார்.

முதலாளியின் அறையில் ரோஜா வாசனை அடித்தது. மேஜைமேல் தையல்காரரின் பழைய தாள். அதன்மேல் எழுதாத புதுத் தாள். சுவரோரம் சூப்பிரண்டு நின்றிருந்தாள். அலமாரி பூட்டியிருந்தது.

"உன் பேரு என்னம்மா?"

ஆறு வருடமாகச் சம்பளம் கொடுக்கிறவர்.

"மூணாவது மாடி, சார்."

"சரி. புதுசா எழுது. ரெண்டு மணி வரைக்கும் எல்லாம் நார்மல். அஞ்சு மணிக்குத் திடீர்னு மாரடைப்பு. அரை மணி நேரம் நெஞ்சை அமுக்கினோம், முடியல. அவ்வளவுதான்."

"யாரும் அமுக்கல சார். நான் போறப்பவே தாடை இறுகிப் போச்சு. ஒரு ஆளு இருபத்தாறு பேரைப் பாத்தா இப்படித்தான் ஆகும்."

"இது சேவைம்மா. சேவையில கணக்குப் பாக்கலாமா?"

"பம்பு உடைஞ்சப்ப நீங்க பாத்தீங்களே சார்."

சூப்பிரண்டு இருமினாள். முதலாளி சிரித்தார். சந்தையில் விலை படியும்போது சிரிக்கிற சிரிப்பு. இழுப்பறையைத் திறந்து அவள் எழுதிக் கொடுத்த கடன் தாளை எடுத்தார். அவள் கண்ணெதிரே இரண்டாகக் கிழித்தார். நாலாகக் கிழித்தார். குப்பைக் கூடையில் போட்டார்.

"பாத்துக்கோ. முப்பத்தெட்டாயிரத்து நானூறு, போச்சு. எழுதி முடி, சான்றிதழும் சாயங்காலமே கைக்கு வந்துடும். இப்ப சந்தோஷமா?"

பேனாவை நீட்டினார். வாத்து வாங்கிக்கொண்டாள். பேனாவிலும் ரோஜா வாசனை. புதுத் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பழைய தாளை இழுத்தாள். இரண்டு மணி வரிசையின் மேல் ஒற்றைக் கோடு. ஆறு மணி வரிசையின் மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில் நிதானமாக எழுதினாள்: 'பார்க்காமல் எழுதியது. ஒரு மணிக்குக் கடைசியாகப் பார்த்தேன். ஐந்து பத்துக்கு உடல் குளிர்ந்து, தாடை இறுகியிருந்தது. பணியில் ஒரு நர்ஸ். நோயாளிகள் இருபத்தாறு.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி எட்டிப் பிடுங்குவதற்குள் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உன் வேலை மட்டும் இல்லடி, லைசென்சே போகும்!"

"போகலாம் சார். தப்பு என்னோடதும்தான்."

கதவு திறந்தது. ஒட்டடைக்குச்சி கை நிறையத் தாள்களோடு நின்றான். அவனுக்குப் பின்னால் பத்துப் பேர். அவர்களில் கடைசியாகப் பிரசவ வார்டுக்காரி, மூச்சு வாங்க.

"வார்டை அம்போன்னு விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கத்தினார் முதலாளி.

"காலை ஷிப்டு நிக்குது சார். நாங்க ராத்திரி ஷிப்டு. எங்க நேரம் முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆகுது." ஒட்டடைக்குச்சி தாள்களைத் தூக்கிக் காட்டினான். வரிக்கு வரி கோடு. கோட்டுக்குக் கோடு கையெழுத்து. "நேத்து ராத்திரி நாங்க பாக்காம எழுதினது எல்லாம் இதுல இருக்கு. இனிமே பாத்ததை மட்டும்தான் எழுதுவோம். பாக்காத கட்டம் காலியா இருக்கும். திங்கக்கிழமை வர்றவங்க காலிக் கட்டத்தை எண்ணிப் பாத்து, எத்தனை நர்ஸ் வேணும்னு அவங்களே சொல்லட்டும்."

"எல்லாரையும் தூக்கிடுவேன்!"

"தூக்குங்க. மத்தியானம் ஊசி போட நீங்க வருவீங்களா சார்?" என்றாள் பிரசவ வார்டுக்காரி.

"சூப்பிரண்டு, இவங்களை வெளியில அனுப்புங்க."

சூப்பிரண்டு சுவரை விட்டு அசையவில்லை.

வாத்து திரும்பி அகட்டி அகட்டி நடந்தாள். மற்றவர்கள் அவள் நடைக்குத் தக்கபடி மெதுவாகப் படியிறங்கினார்கள். கீழே தையல்காரரின் மகள் உடலுக்காகக் காத்திருந்தாள். அவளிடம்தான் முதலில் சொல்லியாக வேண்டும். அவள் அறையலாம், துப்பலாம். "நாங்களும் நிக்கிறோம்க்கா" என்றான் ஒட்டடைக்குச்சி. சான்றிதழ்கள் அலமாரியில்தான் இருந்தன. சாயங்காலம் யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு இருக்காது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மேலே முதலாளி குப்பைக் கூடையில் கை விட்டு, கடன் தாளின் கிழிந்த நாலு துண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்து ஒட்டப் பார்த்தார்.

"கிழிச்சது நீங்கதான் சார்," என்றாள் சூப்பிரண்டு. "நான் பாத்தேன்."