சொல்தா கோட்டு

அந்த மழைக்கோட்டைக் குறை சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. குறையெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு திரிந்த ஆளிடம்தான். திண்டிவனத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பெரிய மனுஷர்களெல்லாம் யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவார்கள். கடையில் புதுசாகப் பிளாஸ்டிக் கோட்டு வாங்கியவர்களுக்கு அது அக்குளில் கிழிந்து, முதுகு வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளாடை வரை ஊறிப்போயிருக்கும். லூர்து பிரகாஷ் மட்டும் பஸ் ஸ்டாண்டு டீக்கடை முன்னால் பைக்கை நிறுத்தி, கோட்டை ஒரு உதறு உதறுவான். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி அத்தனையும் உருண்டு ஓடிவிடும். உள்ளே மடிப்புக் கலையாத சட்டை, பாக்கெட்டில் நமுத்துப்போகாத தீப்பெட்டி. அதை ஊருக்குக் காட்டுவதற்கென்றே ஒரு சிகரெட் பற்றவைப்பான்.

"எங்கப்பாவுக்குப் பிரெஞ்சுக்காரன் குடுத்தது. இந்தோசீனா மழையவே பாத்த கோட்டு. இந்தத் தூத்தலு இன்னா பண்ணிடும்?" என்பான்.

பொய்யில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் பாண்டிச்சேரிப் பக்கம் சொல்தா என்பார்கள். அவன் அப்பா அப்படி ஒரு சொல்தா. பென்ஷனோடும் இந்தக் கோட்டோடும் திரும்பி வந்தவர். வெளியே இறுக்கி நெய்த காக்கிப் பருத்தி, உள்ளே ரப்பர், இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒரே துணியாக ஒட்டியிருக்கும். ஊசி போன தடமெல்லாம் உள்பக்கம் ரப்பர் நாடாவால் அடைத்திருக்கும். காற்றுப் போக அக்குளில் பித்தளை வளையம் வைத்த ஓட்டைகள். மாட்டுக் கொம்பில் கடைந்த பட்டன்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நூல் பிரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சாமான் விற்கிற பாண்டிச்சேரிக்காரர் ஒருத்தர் வீடு தேடி வந்து விலை கேட்டார். "பெத்த அப்பன விப்பியாய்யா நீ?" என்று அவரை வாசலோடு துரத்தினான்.

சரி, அந்தக் கோட்டை யார் காப்பாற்றியது? அருள்ராணிதான், அவன் பெண்டாட்டி. அதை மடிக்கக் கூடாது, மடித்தால் ரப்பர் வெடிக்கும். வெயில் ஆகாது. எண்ணெய்க் கை படவே கூடாது, பட்டால் அந்த இடம் பிசுபிசுத்துப் போகும். கோடையில் உள்பக்கம் பவுடர் தூவி, அகலமான கட்டையில் மாட்டித் தொங்கவிட வேண்டும். அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்தால் சீயக்காய் போட்டுக் கையைக் கழுவி மோந்து பார்த்துவிட்டுத்தான் அதைத் தொடுவாள். காலரில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் அன்றைக்கு அவள் கன்னத்தில் ஐந்து விரலும் தெரியும்.

கோட்டு ஒரு சாக்குத்தான். குழம்பில் உப்பு குறைந்தால் அடி, கூடினால் அடி, லாரி ஆபீசில் முதலாளி ஏசினால் அதற்கும் அடி. கட்டின மூன்றாம் வருஷம் வயிற்றில் உதைத்தான். பிள்ளை போயிற்று. ஆஸ்பத்திரியில் "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டா" என்று அவன் சொன்னான், அவளும் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்? அழுதுகொண்டு விழுப்புரத்தில் அண்ணன் ஞானராஜ் வீட்டுக்குப் போனாள். அண்ணன் ரயில்வேயில் ஃபிட்டர், நல்லவன்தான். ஆனால் அவனும் சொன்னான்: "குடிச்சா அவன் கை அவன் பேச்ச கேக்க மாட்டேங்குது ராணி. கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." திண்டிவனத்தில் அவர்கள் தெருவில் ஜெபக் கூட்டம் நடத்துகிற அன்பியத் தலைவர் அந்தோணி பிரபுவும் அதையேதான் சொன்னார்: "குடிச்சா அவன் அவனா இல்லம்மா. உள்ள இருக்கிற பேய்தான் அடிக்குது." எல்லோரும் சொன்னதை அவளும் நம்பினாள். அவன் பாவம், கை நிற்கவில்லை, அவன் என்ன செய்வான் என்று அவனுக்காக ஜெபமாலை சொன்னாள், அந்தப் பைத்தியக்காரி!

தொண்ணூற்றெட்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை. இரண்டு மாதமாக அவளுக்குத் தூரமாகவில்லை. நர்சம்மாவிடம் காட்ட வேண்டும், அவனுக்குத் தெரியாமல் காட்ட வேண்டும். தெரிந்தால் அவன் கால் சும்மா இருக்குமா என்று அவளுக்குப் பயம். வெளியே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. குடை இல்லை. போன வாரம்தான் அவள் முதுகில் அடித்து அதை உடைத்திருந்தான். அவனோ லோடு விஷயமாக, மழை பிடிப்பதற்கு முன்பே கோட்டை விட்டுவிட்டுச் செங்கல்பட்டு போயிருந்தான், ராத்திரிதான் வருவான். அவள் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள். எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அடேயப்பா, என்ன கோட்டு! கல்யாணமாகி ஆறு வருஷமாகத் துடைத்தவளுக்கு அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது. கணுக்கால் வரை வந்தது. பாதம் மூழ்கத் தண்ணீர் ஓடிய தெருவில், காற்று அறைந்து வீசிய மழையில், அவளுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நடந்தாள். கதகதப்பாக இருந்தது. நர்சம்மா, "மூணாவது மாசம்மா. ஜாக்கிரதையா இரு" என்று சொன்னபோது சந்தோஷப்படுவதா நடுங்குவதா என்று தெரியாமல் அந்தக் கோட்டுக்குள்ளேயே அழுதாள்.

திரும்பி வந்தால் வாசலில் பைக் நிற்கிறது. லோடு கிடைக்காமல் பாதி வழியில் திரும்பி, பிராந்திக் கடையில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு கூடத்து நடுவில் நின்றான். கையில் பைக்கின் பழைய செயின்.

"எவன பாக்கடி போட்டுக்கினு போன?"

"மழைங்க… நர்சம்மா வூட்டுக்கு…"

செயினைத் தலைக்கு மேல் ஓங்கினான். அருள்ராணி கண்ணை மூடித் தோளைக் கொடுத்தாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தாள். செயின் அவன் தலைக்கு மேலேயே நின்றது. மூக்கு விடைக்க மூச்சு வாங்கிக்கொண்டு, கையை அப்படியே பிடித்து வைத்திருந்தான்.

"கழட்டுடி. கோட்ட கழட்டு மொதல்ல."

அவள் விரல்கள் பழக்கத்தில் பட்டனுக்குப் போயின. அப்புறம் நின்றுவிட்டன. அவன் அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் முகத்தை மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. இரண்டு சொட்டு காலரில் விழுந்தது. ஐயோ என்று பதறிப்போனான் மகராசன்! செயினைக் கீழே போட்டுவிட்டு, லுங்கியைத் தூக்கி, காலரைத்தான் துடைத்தான். அவள் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டேயிருந்தது. பிறகு குனிந்து ஒவ்வொரு பட்டனாகக் கழற்ற ஆரம்பித்தான். இறுக்கமான துளைகள், பழைய கொம்புப் பட்டன்கள், இழுத்தால் உடையும். அவன் இழுக்கவில்லை. நகம் படாமல், நூல் அறாமல், கட்டைவிரலால் மெல்லத் தள்ளி, பொறுமையாகக் கழற்றினான். அந்த விரல்கள் கொஞ்சமும் நடுங்கவில்லை.

அருள்ராணி அந்த விரல்களையே பார்த்தாள். குடித்த விரல்கள். பேச்சைக் கேட்காத விரல்கள் என்று அண்ணனும் தலைவரும் சத்தியம் பண்ணின விரல்கள். நின்று, நிதானித்து, பூவைத் தொடுகிற மாதிரித் தொடத் தெரிந்திருக்கிறதே இதற்கு! அப்படியென்றால் இத்தனை வருஷமும்? அந்தப் பிள்ளை? அன்றைக்கு அந்தக் கால் நின்றிருக்குமா, இவன் நினைத்திருந்தால்?

நின்றிருக்கும். அது தெரிந்த நிமிஷம் அவள் உடம்பெல்லாம் தீப்பற்றிக்கொண்டது. கடைசிப் பட்டனுக்காக அவன் குந்தி உட்கார்ந்திருந்தான். கை எட்டுகிற தூரத்தில் அம்மி. குழவியை இரண்டு கையாலும் தூக்கி அவன் வலது மணிக்கட்டில் போட்டாள். எலும்பு நொறுங்குகிற சத்தம் மழையிலும் கேட்டது. அவன் மாடு மாதிரி அலறிக்கொண்டு சுருண்டான். எழுந்து வரப் பார்த்தவனைத் தோளில் இன்னொரு போடு போட்டாள். மூன்றாவது தரம் ஓங்கினபோது அவளுக்கே கை நின்றது. குழவியை மெல்லக் கீழே வைத்தாள். பட்டன்களைத் திரும்பப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் வாசலில் நின்று, "போயிடு ராணி, ஜல்தியா போயிடு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையிலேயே ஆள் விழுப்புரத்துக்கு வந்துவிட்டான். கையில் மாவுக்கட்டு, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி பூசாத குறைதான், அத்தனை சாது! கூடவே அந்தோணி பிரபு. இருவரும் முதல் பூசை முடித்த கையோடு நேராக வருவதாகச் சொன்னார். ஞானராஜ் இருவருக்கும் நாற்காலி போட்டான், காப்பி கொடுக்கச் சொன்னான். அருள்ராணி வீங்கின மூக்கோடு சுவரோரம் நின்றாள்.

"நானும் தப்பு பண்ணிட்டேன் மச்சான். நேத்து கொஞ்சம் ஓவராயிடுச்சு. அவளும் கைய ஒடச்சுட்டா. நா கேஸு கீஸுன்னு போவல. கோட்ட எடுத்துக்கினு வரச் சொல்லுங்க, கெளம்பலாம்" என்றான்.

"அண்ணா, நா போவல. வயித்துல மூணு மாசம்" என்றாள் அருள்ராணி.

அதைச் சொன்னால் காப்பாற்றுவார்கள் என்று நினைத்தாள். அந்தோணி பிரபுவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆண்டவரே ஸ்தோத்திரம்! இனிமே இன்னாம்மா? கொழந்த மூஞ்சப் பாத்தா குடிய வுட்டுடுவான். குடிய வுட்டா இவனப் போல ஆளு உண்டா?"

ஞானராஜும் தலையைக் குனிந்துகொண்டு, "புள்ளையாயிட்ட பொறவு அப்பன் இல்லாம எப்டி ராணி…" என்றான்.

தன் குழந்தையையே காரணம் காட்டித் தன்னைத் திரும்ப அனுப்பப் பார்க்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. உள்ளே போனாள். கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்து வரை பட்டனைப் பூட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"நேத்து உங்க கைய ஒடச்சது நாந்தான். தப்பில்லன்னு இப்பவும் சொல்றேன். உங்கள மாதிரி ஒரு பொட்டப் பயல பாத்ததில்ல. அடிங்க பாக்கலாம்."

லூர்து பிரகாஷின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. விருட்டென்று எழுந்து இடது கையை ஓங்கினான். கை பாதியில் நின்றது. அவன் கண் காலருக்குப் போயிற்று, பட்டனுக்குப் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினான்.

"பாத்தீங்களா ஐயா, கை எப்டி நிக்குது" என்று தலைவரிடம் சொன்னாள் அருள்ராணி.

அப்புறம் கோட்டைக் கழற்றினாள். அவசரப்படாமல் நாற்காலி முதுகில் மாட்டினாள். அந்த நாற்காலியை இழுத்துத் தன் வயிற்றுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, பழைய நூல் புடவையோடு நின்றாள்.

"இப்ப அடிங்க. பொட்டப் பய."

அறைந்தான். அண்ணன் பார்க்க, தலைவர் பார்க்க, பட்டப்பகலில் அறைந்தான். அவள் தலை சுவரில் இடித்தது. உதடு கிழிந்து, பல் ஒன்று ஆடியது. அறைந்த வேகத்தில் அவன் சட்டென்று நாற்காலியின் மேல் குனிந்தான். கோட்டில் ரத்தம் தெறித்திருக்கிறதா என்று பார்த்தான்.

காப்பித் தம்ளரோடு அந்தோணி பிரபு அப்படியே உட்கார்ந்திருந்தார். அருள்ராணி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"அண்ணா, இன்னிக்கி ஞாயித்துக்கெழம. மொத பூசைக்குப் போயிட்டு, சாமியார் கையால நன்மை அப்பம் வாங்கிக்கினு நேரா வந்திருக்காரு. பிராந்தி ஒரு சொட்டுகூட குடிக்கல."

ஞானராஜ் தலைவரைப் பார்த்தான். தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். பூசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தானே. ஞானராஜ் எழுந்தான். தங்கையை எத்தனையோ தரம் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட்ட அண்ணன், மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் தள்ளினான். கோட்டையும் எடுத்து அவன் மேலேயே வீசினான். உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டவன் கதவில் சாய்ந்து உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதான்.

"அந்தப் பாத்ரூம்…" என்று கேட்க ஆரம்பித்தான். முடிக்க முடியவில்லை.

"வழுக்கல அண்ணா" என்றாள் அருள்ராணி.