நாற்பது கல்யாணமும் நாலு கட்டமும்

எனக்கும் பத்ரிக்கும் ரஜ்ஜு தட்டியது. பத்துப் பொருத்தத்தில் அது ஒன்று இல்லாவிட்டால் மற்ற ஒன்பது இருந்தும் பிரயோஜனமில்லை என்று அப்பா ஜாதகத்தை மடித்து வைத்துவிட்டார். சிறுசேரி ஆபீஸில் மூன்று வருஷமாக என் எதிர் மேஜையில் உட்கார்ந்திருப்பவனை ஜோசியர் பத்து நிமிஷத்தில் கிளப்பிவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அப்பா வெங்கடராகவன் செங்கல்பட்டில் கணக்கு வாத்தியார். அவரிடம் அழுது பயனில்லை. கணக்குக் காட்டினால்தான் எடுபடும். ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் உறவில் நடந்த நாற்பது கல்யாணங்களை நாலு கட்டத்தில் பிரித்துப் போட்டேன். மேல் வரிசை, ஜாதகம் பொருந்தி நடந்தவை: நன்றாக இருப்பது இருபத்தேழு, முறிந்தது ஒன்பது. கீழ் வரிசை, பொருந்தாமல் நடந்தவை: நன்றாக இருப்பது மூன்று, முறிந்தது ஒன்று. விவாகரத்து ஆனவர்களோடு, ஒரே வீட்டில் வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவர்களையும் முறிந்ததில் சேர்த்துக்கொண்டேன். பெரியப்பா அப்படித்தான் அந்தக் கட்டத்துக்குப் போனார்.

“முறிஞ்சது மொத்தம் பத்து. அதுல ஒன்பது ஜாதகம் பொருந்திப் பண்ணினது. நூத்துக்குத் தொண்ணூறு,” என்றேன். “ஜாதகம்தான் குடியைக் கெடுக்கறது.”

அப்பா காபி டம்ளரை வைத்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார்.

“தப்பு. பொருந்தினதே முப்பத்தாறு இருக்கு. அப்போ முறிஞ்சதுலயும் அதுதானே நெறைய இருக்கும்? முறிஞ்சதுல எத்தனை பொருந்தினதுன்னு கேக்கப்படாது. பொருந்தினதுல எத்தனை முறிஞ்சதுன்னு கேக்கணும். வரிசை வரிசையா வகு.”

பென்சிலை எடுத்து அவரே வகுத்தார். முப்பத்தாறில் ஒன்பது, கால் பங்கு. நாலில் ஒன்று, அதுவும் கால் பங்கு. பென்சில் நின்றது.

“அப்போ பொருந்தினாலும் பொருந்தாட்டாலும் ஒண்ணுதானேப்பா?”

“நாலே நாலு கல்யாணத்தை வெச்சுண்டு ஒண்ணும் சொல்ல முடியாது,” என்றார். அவர் சொன்னது சரிதான். அதனாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதுவரை பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, “எங்களை எந்தக் கட்டத்துல போட்டிருக்கே?” என்றாள்.

“பொருந்தினது. நன்னா இருக்கறது.”

அம்மா தலை நிமிரவில்லை. “ஒரு கட்டம் கீழே எறக்கு. எங்களுக்கும் ரஜ்ஜுதான் தட்டித்து. எங்கப்பா என் நட்சத்திரத்தை மாத்தி எழுதிக் குடுத்தார்.”

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கல்யாணம் கிடக்கட்டும், இவர்கள் இருவரும் இப்போது பெரியப்பாவின் கட்டத்துக்குப் போய்விடுவார்களோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அவர் ரப்பரைத் தேடி எடுத்தார். இருபத்தேழை அழித்து இருபத்தாறு என்று எழுதினார். மூன்றை அழித்து நாலு என்று எழுதினார். முறிந்த கட்டங்கள் இரண்டையும் தொடவில்லை.

“அஞ்சுல ஒண்ணு,” என்றார். காகிதத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, “அஞ்சும் கொறச்சல்தான். பத்ரியோட அப்பாவை எனக்குப் போன் பண்ணச் சொல்லு” என்றார்.