எதிர்வரிசை

மேம்பாலத்துக்காகத் தெருவை இடித்தபோது அக்கா போய்ப் பார்க்கவில்லை. பாலம் எழுந்து, ஒரு காலை பேருந்தில் அதன்மேல் போகும்போதுதான், தான் வளர்ந்த வீட்டின் மாடி இருந்த உயரத்தில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. துணி ஆலையில் சேலைக்கும் திரைச்சீலைக்கும் பூ வரைந்து கொடுப்பது அவள் வேலை. அன்றைக்கு ஒரு இதழ்கூட வரவில்லை.

தெருவை அப்படியே வரைந்து வைப்பதென்று முடிவு செய்தாள். விரித்தால் நீளத் தெரு, மடித்தால் கைக்குள் அடங்கும் புத்தகம். கெட்டித் தாள்களை நீளநீளமாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் பசை போட்டு ஒட்டினாள். முதல் முறை வரைந்துவிட்டு மடித்தாள். மடிப்பு நேராக, தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவரின் மூக்கில் விழுந்தது. போவோர் வருவோரையெல்லாம் மூக்கறுத்த மனிதர் அவர். சிரித்துக்கொண்டே கிழித்துப் போட்டாள்.

அடுத்த முறை முதலில் மடிப்பு, பிறகுதான் படம். பாதியாக மடித்து, பாதியைப் பாதியாக்கி, விசிறிபோல் முன்னும் பின்னும் திருப்பி, ஒவ்வொரு மடிப்பையும் கரண்டியின் முதுகால் தேய்த்தாள். சலவைக்கடை, எப்போதும் கொட்டாவி விட்டதால் 'கொட்டாவி' என்றே பேர்வாங்கிய மருந்துக்கடைக்காரர், சைக்கிள் கடை என எதிர்வரிசை முழுவதும் தண்ணீர்போல் வந்தது. தங்கள் வீடு இருந்த வரிசையைப் பின்பக்கத்தில் போடலாமென்று தாளைத் திருப்பியவளுக்கு, சொந்த வீட்டு வாசல்கூட நினைவுக்கு வரவில்லை.

தம்பியை வரச்சொன்னாள். அவன் பேருந்து ஓட்டுகிறான். ஓய்வு நாளில் வந்து உட்கார்ந்தான்.

"நமக்குப் பக்கத்து வீடு யாருதுடா?"

"டிரம்பெட் வாசிக்கிறவர் வீடு. அதுகூட மறந்துட்டியா?"

"சத்தம் ஞாபகம் இருக்கு. வீடுதான் வரமாட்டேங்குது."

"எப்படி வரும்? நீதான் ஜன்னலை விட்டு நகரவே இல்லியே."

உண்மைதான். சின்ன வயதில் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கி, படியிறங்கவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு வருஷமும் அவளுக்கு மாடி ஜன்னல்தான் உலகம்.

"உனக்கென்னடா, ஜாலியா ஊர் சுத்தினே. எனக்கு வயிறு எரியும்."

"எங்கக்கா சுத்தினேன்? சைக்கிள் கடை வாசல்ல வாளியைக் கவுத்துப்போட்டு உக்காந்திருந்தேன். அடுத்த தெருவுல மேட்ச் நடக்கும், போக முடியாது. 'அக்கா கண்ணுல படற மாதிரி விளையாடுடா'ன்னு அம்மா சொல்லிட்டாங்க. ஒத்தையா என்னத்த விளையாடறது? உன்னையும் நம்ம வரிசையையும் பாத்துட்டே இருப்பேன்."

அவள் தாளைத் திருப்பிச் சைக்கிள் கடையைப் பார்த்தாள். அங்கே டயர்களை வரைந்திருந்தாள், காற்றடிக்கும் பம்பை வரைந்திருந்தாள். அவன் இல்லை. பென்சிலை எடுத்து அங்கேயே கவிழ்த்த வாளியைப் போட்டாள்.

"மூக்கு ஒழுகற மாதிரி போட்டுடாதே" என்றான்.

"ஒழுகிச்சே!"

பிறகு அவன் சொல்லச்சொல்ல அவள் ஒரு தனித்தாளில் வரைந்து பார்த்தாள். டிரம்பெட் வீட்டுக்குப் பச்சைக் கதவு. தங்கள் வீட்டில் பூச்சு உதிர்ந்த படி. நீலமா சாம்பலா என்று ஜன்னல் சட்டத்துக்கு ஒரு பெரிய சண்டை. சாம்பல்தான் என்று அவன் அடித்துச் சொன்னான்.

"அக்கா, இதைப் பின்பக்கம் போட்டா நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு முதுகைக் காட்டிட்டு இருப்போமே?"

அவள் யோசித்துப் பார்த்தாள். வரைந்ததை ஓரமாக வைத்துவிட்டு, எதிர்வரிசையின் முனையில் புதுத் தாள்களை ஒட்டி, முன்பக்கத்திலேயே நீட்டித் தங்கள் வரிசையைத் திரும்ப வரைந்தாள். வேலை இரட்டிப்பானது. அதன் பிறகு அவனுடைய ஓய்வு நாளெல்லாம் அக்கா வீட்டிலேயே கழிந்தது.

கடைசியில் இரண்டு முனையிலும் அட்டை ஒட்டி, கனமான அகராதிகளை அடுக்கிக் காயவைத்தாள். காய்ந்ததும் மேசைமேல் நிறுத்தி, நடுவில் வளைத்தாள். இரண்டு வரிசையும் நேருக்கு நேர் நின்றன. மாடி ஜன்னலில் ஒரு சிறுமி, கீழே எதிரில் வாளிமேல் ஒரு பையன்.

தம்பி குனிந்து, மேசை விளிம்பில் மோவாயை வைத்துத் தெருவுக்குள் பார்த்தான்.

"இவ்ளோ குறுகலாவாக்கா இருந்துச்சு? என் வண்டி திரும்பாதே."

"வண்டி எதுக்குடா? நடந்து போ" என்றாள்.

அவன் நிமிரவே இல்லை.