பேரருவியடியில் சாட்சி

சுடலைமாடன் பங்குனியில் தென்காசித் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தைரியநாதன் ஆனான். இது அவனுக்கும் மனைவி பேச்சித்தாய்க்கும் உபதேசியார் ஞானமுத்துவுக்கும் மட்டும் தெரியும். கர்த்தருக்கும் தெரியும் என்றார் உபதேசியார்.

"கர்த்தர் மேலகரத்துல போய்ச் சொல்ல மாட்டாரு" என்றான் அவன்.

மேலகரத்தில் நமசிவாயம் பிள்ளை இருந்தார். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் அவருக்கும் அவரோடு வரும் கூட்டத்துக்கும் எண்ணெய் தேய்ப்பது இவன்தான். அந்தத் தேய்ப்பில்தான் வருஷம் முழுக்க அடுப்பு எரிந்தது. கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தவன் கையைப் பிள்ளை தன் தலையில் வைக்க விடமாட்டார். ஆகவே காலையில் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போனான். மாலையில் அழித்துவிட்டு ஜெபத்துக்குப் போனான்.

"புருவத்துல மிச்சமிருக்கு வேய்" என்றார் உபதேசியார். "ஆவணியில பிஷப்பு வாராரு. சபையில முழுசாச் சேக்குற திடப்படுத்தலுக்கு உம்ம பேரக் குடுக்கணும்னா, சனங்க மத்தியில வாயத் திறந்து சாட்சி சொல்லும். தினமும் சொல்லணும். நான் வந்து பாப்பேன்."

"எங்கன வேணாலும் சொல்லலாமா?"

"கூட்டம் இருக்கணும்."

கூட்டத்துக்குக் குறைவில்லாத இடமாகப் பேரருவியைத் தேர்ந்தெடுத்தான். அங்கே பீரங்கி வெடித்தாலும் கேட்காது. அருவியடிப் பாறையில் ஏறி, இரண்டு கையையும் தூக்கிச் சாட்சி சொன்னான். முதல் நாள் முணுமுணுத்தான். பிறகு குரல் ஏறியது. சில நாளில் பைபிளில் வரும் கொடியவன் ஏரோது ராஜாவைக் கண்டிக்கத் தொடங்கினான். அப்படியே பிள்ளையின் தொந்தியையும் கஞ்சத்தனத்தையும் கண்டித்தான். பிள்ளை கீழேயிருந்து கைகூப்பினார். உபதேசியாருக்குச் சளி பயம். தூரத்தில் குடைபிடித்து நின்று, வாயசைவையும் கையசைவையும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆடியில் சாரல் ஏமாற்றியது. அருவி மெலிந்துகொண்டே வந்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை பாறையில் ஒட்டிக்கொண்டு இறங்கியது. காக்கை கரைவது கேட்டது. பிள்ளைக்கு இடது தோள் தேய்த்து முடிந்திருந்தது.

"என்னலே சுடலை, இன்னைக்குப் பாறையில ஏறலையா?"

"தண்ணி இல்லியே ஐயா."

"அதனாலதாம்லே சொல்லுதேன். நீ குத்தாலநாதரக் கூப்பிட்டது இத்தன நாளும் ஒரு எழுத்துகூட காதுல விழல. ஏ, எல்லாரும் இங்கன வாங்க. சுடலை பதிகம் பாடப்போறான்."

குளிக்க வந்தவர்கள் கூடினார்கள். மறுபக்கம் உபதேசியார் குடையை மடக்கிக்கொண்டு நெருங்கினார். அவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை அவன் கண்டதில்லை. பிள்ளை முகத்திலும்தான்.

அவனுக்குத் தேவாரம் ஒன்று தெரியும். பாடினால் பிழைப்பு நிற்கும். உபதேசியாரிடம் பின்னால் எதையாவது சொல்லிக்கொள்ளலாம். வாயைத் திறந்தான். தேவாரம் வரவில்லை. இந்தப் பாறையில் அவன் கத்தியதை இதுவரை கேட்ட ஒரே ஆள் அவன்தான். கேட்டுக் கேட்டு நம்பிவிட்டிருந்தான்.

"நான் கூப்பிட்டது குத்தாலநாதர இல்ல ஐயா. யேசுவ. பங்குனியிலயே வேதத்துல சேந்துட்டேன். பேரு தைரியநாதன்."

கூட்டம் பிள்ளையைப் பார்த்தது. அவருடைய இடது தோள் மின்னியது, வலது தோள் காய்ந்து கிடந்தது.

"அப்பம் என்னைய இத்தன நாளும் ஒன் யேசுவக் கும்பிட வச்சியால?"

"ஆமா ஐயா. பாதி நேரம் ஒங்களத்தான் வைஞ்சேன்."

உபதேசியார் இருமினார். "அத இப்பம் சொல்லணுமா வேய்?"

"சாட்சின்னா முழுசாச் சொல்லணும்லா."

பிள்ளை பாதி எண்ணெயோடு எழுந்து போனார். கூட்டமும் போயிற்று.

அதன்பிறகு தைரியநாதன் எண்ணெய்க் கிண்ணத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தான். பேச்சித்தாய் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினாள். நெற்றி வெறுமையாக இருந்தது. யாராவது நின்று ஏன் என்று கேட்டால் சொன்னான். கத்தாமல், விலை சொல்வதுபோலச் சொன்னான். கேட்டவர்கள் தேய்க்காமல் போனார்கள்.

அடுத்த வாரம் பிள்ளை தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி வந்தார். எண்ணெய் தேய்க்க வைத்த புது ஆள் கழுத்தில் சுளுக்கு ஏற்றிவிட்டிருந்தான். முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"தேயி. ஒன் சாமியப் பத்தி வாயத் திறக்கப்பிடாது."

"திறப்பேன் ஐயா."

பிள்ளை எழுந்திருக்கப் பார்த்தார். கழுத்து விடவில்லை.

"கழுத்த முடிச்சுட்டுத் திற."

தைரியநாதன் அதுவரை பொறுக்கவில்லை. கழுத்தைப் பிடித்துவிட்டபடியே சாட்சியை ஆரம்பித்தான்.