மலைமேல் வீடு, மலையடியில் வேன்

பம்பருக்குப் பரிசு விழுந்துவிட்டது என்றதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தது அவன் பெண்டாட்டிதான். சிரிக்காமல் என்ன செய்வாள்? சோப்பு உறை, பிஸ்கட் உறை, டீத்தூள் பாக்கெட்டின் மூலை என்று எதையும் கத்தரித்துக் குலுக்கலுக்கு அனுப்பாமல் விடாத மனுஷன் அவன். கல்யாணமான நாள் முதல் அவன் ஜெயித்ததெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஒரு குடையும்தான். வாளிக்குப் பிடி கிடையாது, குடை விரியாது. அவனுக்குப் 'பம்பர்' என்று பேர் வைத்தவர்கள் அவளுடைய தம்பிகள். கிண்டலுக்கு வைத்த பேர், ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ஏங்க, இந்தத் தடவை வாளியோட பிடியை அனுப்பிட்டாங்களா?"

"வீடும்மா! மலைமேல, நீச்சல் குளத்தோட, முன்னாடி புல்தரையோட. நெஜமா!"

போனில் வந்திருந்த செய்தியை அவன் காட்டிய பிறகுதான் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

பம்பர் ஒரு செருப்புக் கடையில் சேல்ஸ்மேன். வருகிறவர்கள் காலைப் பிடித்து அளவு பார்த்து, மண்டியிட்டபடியே நாள் முழுக்க அண்ணாந்து பேசுகிற வேலை. அதில் அவனுக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் விசேஷ வீடுகளில் மச்சான்கள் எல்லார் முன்னாலும், "மாப்ள, என் கால் சைஸ் என்ன சொல்லுங்க பாப்போம்" என்று காலை நீட்டுவார்களே, அது அவனுக்குப் பிடிக்காது. சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துக்கொள்வான்.

அதே மச்சான்கள் சாவி கொடுக்கிற விழாவுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த சாவியைக் கட்டிப்பிடித்தபடி மேடையில் நின்ற பம்பரிடம் வரிசையில் வந்து கை கொடுத்தார்கள். அண்ணாந்து பார்த்துக் கை கொடுத்தார்கள்! அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இன்னும் ஆயிரம் சோப்பு உறை கத்தரிக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

பரிசு கொடுத்த கம்பெனியின் மேனேஜர் அம்மாள் சிரித்த முகம். ஒவ்வொரு தடவையும், "ஒரு சின்ன விஷயம் சார்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். முதல் சின்ன விஷயம், பரிசுக்கு உண்டான வரியை ஜெயித்தவர்தான் கட்ட வேண்டும். இரண்டாவது, பத்திரப் பதிவுச் செலவும் அவருடையதுதான். மூன்றாவது, மூன்று வருஷத்துக்கு வீட்டை விற்கவும் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது. எல்லாவற்றையும் விடச் சின்ன விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் பணம் கட்டிப் பதிவு செய்யாவிட்டால், வீடு அடுத்த அதிர்ஷ்டசாலிக்குப் போய்விடும். அதுவரை தாராளமாகக் குடியிருந்து பழகிக்கொள்ளலாம்.

பழகிக்கொண்டார்கள். ஜன்னல்கள் இரண்டு ஆள் உயரம், பழைய வீட்டுத் திரைச்சீலையை மாட்டினால் அரை டிராயர் போட்ட மாதிரி இருந்தது. நீச்சல் தெரிந்தவர் வீட்டில் யாருமில்லை, ஆனாலும் குளத்து மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பச்சை பிடித்துவிடும். கேட்டைத் திறக்கக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் வீட்டுக்காரர்கள் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

கீழே ஊரில் அதற்குள் அவர்கள் பணக்காரர்கள் ஆகிவிட்டார்கள். "உனக்கு எதுக்குப்பா இனிமே சம்பள உயர்வு?" என்று முதலாளி உரிமையோடு கேட்டார். பெரிய மச்சான் கைமாற்று கேட்டான், சின்ன மச்சான் அதுகூடக் கேட்கவில்லை, நேராகப் பெட்டியோடு பத்து நாள் தங்க வந்தான். பேங்க்கில் கடன் கேட்கப் போனால், அங்கிருந்தவர் பம்பரின் சம்பளத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். வேன் விஷயம்தான் பெரிய தலைவலி ஆனது.

வேன் அவளுடையது. பெரிய ஆஸ்பத்திரியின் நர்ஸுகளை வீட்டிலிருந்து கூட்டிப் போய், டூட்டி முடிந்ததும் கொண்டுவந்து விடுகிற வேன். ஊரான் வண்டியை ஓட்டிச் சேர்த்த காசில் வாங்கி, தவணையெல்லாம் தானே கட்டி முடித்தவள். ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு டிரைவரம்மா என்றுதான் பேர். மலைமேல் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் முதல் நாளே வந்து கும்பிடு போட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. இந்த மாதிரி வண்டியெல்லாம் உள்ள நிறுத்தக் கூடாது. மத்தவங்க வீட்டு மதிப்பு கொறைஞ்சிடும் பாருங்க."

அன்று முதல் வேன் மலையடியில் புளியமரத்துக்குக் கீழே நின்றது. அவள் விடியற்காலையில் இருட்டோடு இருட்டாக டார்ச் அடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். சங்கத்துக்கு முன்பணம் கட்டப் பம்பர் தன் ஸ்கூட்டரை விற்றான். வரி கட்ட விற்பதற்கு வீட்டில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"வேனுக்கு ஒரு காண்டிராக்டர் வந்திருக்கார். நல்ல வெலை சொல்றார். ரூட்டையும் சேர்த்து எடுத்துக்கறாராம். அட்வான்ஸ் வாங்கிட்டேன்."

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அவ்வளவுதான். பம்பருக்கு உயிர் வந்தது. சண்டை போடுவாள் என்று பயந்திருந்தவன், என்ன தங்கமான பெண்டாட்டி என்று நினைத்தபடி இரண்டாவது தரம் குழம்பு ஊற்றிக்கொண்டான். இந்த விஷயத்தில் அவன் வடிகட்டின முட்டாள் என்பதை நான் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் ஸ்கூட்டர் இல்லாமல் கடைக்கு எப்படிப் போவது? மலைக்கு பஸ் கிடையாது. "என்கூட வாங்க, வழியில எறக்கி விடறேன்" என்றாள் அவள். இத்தனை வருஷத்தில் அவன் அந்த வேனில் டூட்டி நேரத்தில் ஏறியதே இல்லை. பின்னால் ஒரு மூலையில் உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி டூட்டி முடிந்த நர்ஸுகள் ஏறினார்கள். "அக்கா" என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. முதல் சிக்னல் வருவதற்குள் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். ஒருத்தியின் தலை பம்பரின் தோளில் சாய்ந்தது. அவன் நகராமல் இருந்தான்.

வண்டி போகிற விதத்தை அப்போதுதான் கவனித்தான். ரோடெல்லாம் குண்டும் குழியும், ஆனால் உள்ளே ஒரு தலைகூட ஆடவில்லை. ஹாரன் இல்லை. வேகத்தடையில் ஓரமாக ஒதுக்கி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினாள். பின்னால் வந்த லாரிக்காரன் கத்தினான், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இறங்கும் இடம் வந்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, பக்கத்தில் இருப்பவள் விழித்துக்கொள்வாளே! தானே எழுந்து வந்து, இறங்க வேண்டியவளின் தோளை மட்டும் தொட்டாள். முழங்கால் வலிக்காரி ஒரு வயசான நர்ஸுக்காக, வேன் நுழையவே முடியாது என்று பம்பர் நினைத்த சந்தில் அரை விரல் இடைவெளி விட்டுப் பின்பக்கமாகவே போனாள்.

மலைமேல் வீட்டில் பளிங்குத் தரை வழுக்குமோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள் இவளா? ஸ்டியரிங்குக்கு முன்னால் ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பம்பருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைக்குப் பின்னாலேயே ஒரு வெட்கமும் வந்தது. காண்டிராக்டர் அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சீட்டைக் கழட்டிட்டா நின்னுக்கிட்டே எத்தனை பேர் வரலாம்?"

அன்று அவன் கடைக்குப் போகவில்லை. நேராகக் கம்பெனிக்குப் போனான். "வீடு வேண்டாம் மேடம்" என்றான்.

மேனேஜர் அம்மாளின் சிரிப்பு முதல் தடவையாக நின்றது. "நல்லா யோசிச்சீங்களா சார்? கையெழுத்துப் போட்டா அப்புறம் மாத்த முடியாது."

போட்டான். அந்த அட்டைச் சாவியும் மச்சான்களின் புதுச் சட்டைகளும் கண் முன்னால் வந்து நின்றன, ஆனாலும் போட்டான். அங்கிருந்து காண்டிராக்டரிடம் போய் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் மலையடிக்கு வந்து சேர்ந்தான். உலகத்திலேயே நல்ல புருஷன் தான்தான் என்ற நினைப்பில் அவன் கால் தரையில் பாவவில்லை.

டூட்டிக்குக் கிளம்புமுன் அவள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னான். கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தான். ஈரத் துணி சொத்தென்று அவன் மார்பில் வந்து விழுந்தது.

"யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?"

"உனக்காகத்தாம்மா..."

"வண்டியை விக்கறப்பவும் என்னைக் கேக்கல. சாப்பிடறப்ப சேதி சொன்னீங்க. இப்ப வீட்டை விடறப்பவும் கேக்கல. அதையும் சேதியாத்தான் சொல்றீங்க. நான் என்ன, பக்கத்து வீட்டுக்காரியா?"

"நீதான் சரின்னு சொன்னியே?"

"அட்வான்ஸ் வாங்கிட்டு வந்து நின்னா வேற என்ன சொல்வாங்க? மேடையில உங்க மூஞ்சியைப் பார்த்தேன். என் தம்பிங்க முன்னாடி நீங்க அப்படி நின்னு நான் பார்த்ததே இல்ல. அதுக்காக வாயை மூடிக்கிட்டேன். ராத்திரியெல்லாம் அழுதேன், தெரியுமா?"

  பம்பர் விழுந்த துணியை எடுத்துப் பிழிந்து, மண்டியிட்டு முன் சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இப்ப கேக்கறேன். உனக்கு எது வேணும்?"

"கையெழுத்துப் போட்டுட்டு வந்து கேக்கற கேள்வியைப் பாரு!"

"இருந்தாலும் சொல்லேன்."

"வண்டிதான். எப்பவும் வண்டிதான். ஆனா அதை நான் சொல்லியிருக்கணும். இப்ப ஊர் என்ன பேசும்? பொண்டாட்டிக்காக அரண்மனையையே விட்டான் மனுஷன்னு உங்களைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஆடும். நான் சும்மா வேடிக்கை பார்த்தவளா?"

பம்பர் சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து யோசித்தான். பிறகு போனை எடுத்து, மேனேஜர் அம்மாளைக் கூப்பிட்டான்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். காலைல குடுத்த பாரத்துல, காரணம்னு கேட்ட எடத்துல என் சொந்தக் காரணம்னு எழுதிட்டேன். அதை மாத்தணும். வேண்டாம்னு முடிவு பண்ணது என் மனைவி."

"அப்படியா? இருங்க சார், அவங்ககிட்டயே கேட்டு எழுதிக்கறேன். போனைக் குடுங்க."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"மேடம், இவ்வளவு பெரிய வீடு! எதுக்காக வேண்டாம்னு சொல்றீங்க?" என்றார் மேனேஜர் அம்மாள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள், வண்டி ஒரு தடவை குலுங்கி உறுமியது.

"எனக்கு வேலை இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகப் போனைப் புருஷனிடம் நீட்டினாள்.