மண்ணுக்குள் இருபத்து நாலு பலகை

மச்சான் வந்தால் ஒரு வாரம் தங்குவார். அது தோட்டக்காரருக்குப் பழகிப்போன விஷயம். இந்தத் தடவை மச்சானோடு நீளமான ஒரு பெட்டியும் வந்து இறங்கியது. சட்டையைக்கூட மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பிரித்தார். உள்ளே ஒரு தடி, தடியின் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வளையம், கைப்பிடிக்குப் பக்கத்தில் முள் ஆடுகிற சின்னப் பெட்டி.

“மெட்டல் டிடெக்டர், மாப்ள. மண்ணுக்குள்ள இரும்பு, பித்தளை எது கிடந்தாலும் கத்தும். ரிட்டயர் ஆனதுக்கு எனக்கு நானே கொடுத்துக்கிட்ட பரிசு. நாளைக்கு உங்க பூங்காவுலதான் முதல் சோதனை.”

தோட்டக்காரர் வாயில் இருந்த காபியை விழுங்க மறந்தார்.

“எவ்வளவு ஆழம் வரைக்கும் கண்டுபிடிக்கும் மச்சான்?”

“பெரிய பொருளா இருந்தா மூணு அடி.”

தோட்டக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் புதைத்து வைத்திருந்தது இரண்டே அடியில். பொருளும் சின்னதில்லை.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் பூங்கா மேற்பார்வையாளர் ஒரு வண்டி நிறைய இரும்புப் பலகைகளை அனுப்பி வைத்தார். மொத்தம் இருபத்து நாலு. எல்லாம் அவரே உட்கார்ந்து யோசித்து எழுதியவை. புல்லில் நடக்காதீர். புல்லில் உட்காராதீர். படுக்காதீர். ஓடாதீர். பந்து விளையாடாதீர். மனுஷன் செய்யக்கூடிய காரியம் எதையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் புல்தரையோ தோட்டக்காரர் இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கி, திட்டுத் திட்டாக நட்டு வளர்த்தது. அது பாய் மாதிரி அடர்ந்து வந்த வாரத்தில்தான் பலகைகள் வந்தன. யாரும் கால் வைக்கக்கூடாது என்றால் இதை எதற்கு வளர்த்தேன் என்று அவருக்கு ஆற்றாமை பொங்கியது.

அது பாதிக் காரணம். மீதிப் பாதியையும் சொல்லிவிட வேண்டும். இருபத்து நாலு பலகைக்கு இருபத்து நாலு குழி. புதைப்பதென்றால் ஒரே குழி. தோட்டக்காரருக்கு உடம்பு வளைவதில் அவ்வளவு பிரியம் கிடையாது. புல்தரையின் நடுவில், ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குத் தோண்டி, வந்த வரிசையில் அத்தனையையும் உள்ளே அடுக்கி, மேலே புல்லையும் ஒட்டிவிட்டார்.

“பலகை எல்லாம் நட்டாச்சா?” என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, “மண்ணுல இறக்கியாச்சு சார்” என்றார். பொய் இல்லை. மேற்பார்வையாளருக்குப் புல் வாசனை பட்டால் தும்மல் நிற்காது. மாதம் ஒருநாள் வந்து, வாசல் பக்கத்து அறையில் உட்கார்ந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதோடு சரி. இத்தனை வருஷத்தில் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அவர் வருகிற நாளும் நாளைக்குத்தான். விஷயம் வெளியே வந்தால் வேலை போகும். வேலை போகாவிட்டாலும் பலகைகள் எழுந்து நிற்கும், ஆள் கால் படாமல் புல்தரை செத்துப்போகும். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று தோட்டக்காரருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மச்சான் தொப்பி, கையுறை, சின்ன மண்வாரி சகிதம் பூங்காவுக்கு வந்து நின்றார். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆள் இல்லாத தெருவில்கூட சிக்னல் மாறும் வரை நிற்பவர்.

“முதல்ல ஒண்ணு சொல்லுங்க மாப்ள. இங்க தோண்டக்கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா?”

தோட்டக்காரருக்கு உயிர் வந்தது. “இருக்கு மச்சான், இருக்கு! கண்டிப்பா தோண்டக்கூடாது.”

“போர்டு எங்க?”

தோட்டக்காரர் புல்தரை முழுக்கப் பார்வையை ஓட்டினார்.

“போர்டு... இல்ல மச்சான்.”

“எழுதி வைக்கலைன்னா அது சட்டமே இல்ல மாப்ள” என்று வளையத்தை வலமும் இடமும் ஆட்டியபடி நடக்க ஆரம்பித்தார் மச்சான்.

முதல் அரைமணி நேரம் கிடைத்தவை ஆறு சோடா மூடி, ஒரு தேக்கரண்டி, ஒரு குடைக்கம்பி. ஒவ்வொன்றையும் மச்சான் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். மெஷின் புல்தரை நடுவை நோக்கித் திரும்பியதும் தோட்டக்காரர் தன் சாவிக்கொத்தை வேலியோரம் எறிந்துவிட்டு, “அந்தப் பக்கம் பாருங்க மச்சான், அங்கதான் ராசியான இடம்” என்றார். மெஷின் கத்தியது. மச்சான் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார். பத்து நிமிஷம் கழித்து அதே சாவிக்கொத்தைக் கிணற்றடியில் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது தடவை, “இதை இடுப்புல கட்டிக்கோங்க மாப்ள, தங்கச்சி பாவம்” என்றார்.

தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தார். தெளிப்பான்கள் சுற்றிச் சுற்றி அடித்தன. புல்லில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தையல்கடைப் பெண்கள் மூன்று பேரும், செய்தித்தாளை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த தபால்காரரும் அலறி எழுந்து ஓடினார்கள். மச்சான் மட்டும் நனைந்துகொண்டே நடந்தார். “வாட்டர் புரூஃப், மாப்ள!” என்று பெருமையாகக் கத்தினார்.

அடுத்த நொடி மெஷினும் கத்தியது. அதுவரை கீச்கீச்சென்றுகொண்டிருந்தது இப்போது கன்றைப் பறிகொடுத்த மாடு மாதிரி ஓயாமல் அலறியது. முள் அந்தக் கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

“மாப்ள, பெட்டகம்! ஆள் நீளத்துக்கு இருக்கு!”

மச்சான் மண்டியிட்டுத் தோண்டினார். தோட்டக்காரருக்குக் கால் வேர் பிடித்துவிட்டது. மேலே இருப்பது எந்தப் பலகை என்று நினைவுபடுத்திப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மண்வாரி ‘டங்’கென்று தட்டியது. மச்சான் கையால் ஈர மண்ணைத் துடைத்தார். வெள்ளை எழுத்து தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்துக்கொண்டே உரக்கப் படித்தார்.

“இங்கே... தோண்டக்... கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.”

மச்சானின் முகம் வெளிறிப்போனது. சுடுபாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

“ஐயய்யோ! போர்டு இருக்கே மாப்ள! முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு விதியை மீறினதில்லையே நான்!” சொல்லிவிட்டுச் சற்று நிதானித்தார். “ஆனா, போர்டை ஏன் மண்ணுக்குள்ள வெச்சிருக்காங்க?”

தோட்டக்காரருக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததென்று இன்றுவரை தெரியாது.

“தோண்டுறவங்களுக்குத்தானே மச்சான் அந்த போர்டு? தோண்டாதவங்க எதுக்குப் படிக்கணும்?”

மச்சான் பலகையை இன்னொரு முறை படித்தார். பிறகு பயபக்தியோடு தலையாட்டினார். “எழுதினவன் பெரிய மூளைக்காரன்.”

எடுத்த மண்ணை ஒரு பிடி குறையாமல் திரும்பப் போட்டு மூடினார். தோட்டக்காரர் அப்போதுதான் மூச்சு விட்டார். ஆனால் அது பாதி மூச்சுதான். மச்சான் மெஷினை மடக்கிக்கொண்டு நேரே வாசல் அறையைப் பார்த்து நடந்தார்.

“எங்க மச்சான்?”

“தப்பு பண்ணியிருக்கேன். அதிகாரிகிட்ட ஒப்புக்கணும்.”

“விடுங்க மச்சான், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!” என்று தோட்டக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். மச்சான் தோட்டக்காரரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்.

அறைக்குள் மேற்பார்வையாளர் மூக்கைக் கைக்குட்டையால் மூடியபடி பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நான் குற்றவாளி” என்று மச்சான் ஆரம்பித்தார். “உங்க புல்தரையில தோண்டிட்டேன். தோண்டக்கூடாதுங்கற போர்டைப் படிச்சதும் நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் ஒரு பிடி மண்ணு எடுக்கலை.”

மேற்பார்வையாளர் பேனாவைக் கீழே வைத்தார். கைக்குட்டையையும் எடுத்தார்.

“படிச்சீங்களா? என் போர்டையா?”

“முழுசா படிச்சேன் சார்.”

“படிச்சதும் நிறுத்திட்டீங்களா?” அவர் பதிவேட்டை ஓரமாகத் தள்ளினார். “ஆபீஸ்ல அத்தனை பேரும் சிரிச்சாங்க சார். இதையெல்லாம் யாருய்யா படிக்கப்போறான்னாங்க. இத்தனை வருஷத்துல படிச்சேன்னு வந்து சொன்ன முதல் ஆள் நீங்கதான். போர்டு எப்படி இருக்கு? ஆடாம இருக்கா?”

தோட்டக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மச்சானுக்குப் பொய் சொல்ல வராது.

“நல்லா ஆழமா இறக்கியிருக்காங்க சார். புயலே அடிச்சாலும் அசையாது.”

“கண்ணுல படுதா?”

“யாருக்குத் தேவையோ அவங்க கண்ணுல கட்டாயம் படும் சார்.”

மேற்பார்வையாளர் எழுந்து வந்து தோட்டக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் தோட்டக்காரருக்கு வெட்கமாகவே இருந்தது. மனுஷன் மூன்று வருஷமாக இதற்காக ஏங்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

“உன்னை மாதிரி ஒரு ஆள் இருந்தா போதும்ப்பா” என்றார் மேற்பார்வையாளர். “அடுத்த வாரம் இன்னும் இருபத்து நாலு அனுப்பறேன்.”

சொன்னபடி வண்டி வந்தது. தோட்டக்காரர் பலகைகளை இறக்கி வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். புல்லில் தூங்காதீர். புல்லில் சாப்பிடாதீர். தபால்காரர் பலகைகளுக்குப் பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தையல்கடைப் பெண்கள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தோட்டக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். பழைய குழிக்குப் பக்கத்தில் கோடு போட்டார். அந்தப் பெண்கள் பொட்டலத்தோடு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்கள். மதியம் தாண்டியும் தோண்டிக்கொண்டே இருந்தார். முதுகு விண்விண்ணென்று தெறித்தது, உள்ளங்கை கொப்புளித்தது. மூன்று அடி வந்ததும் ஒருமுறை நிமிர்ந்து புல்தரையைப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து, நாலரை அடிக்குத் தோண்டினார்.